சக்கரவர்த்தியின் புள்ளி

உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த சிங்கம், அது படுத்திருப்பதாகச் சொல்லப்பட்ட மரத்தடியில் இல்லை.

டாக்டர் பூங்கோதை கையிலிருந்த திரையைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தாள். திரையில் அதே மரம், அதே நிழல், நிழலுக்குள் தங்க நிறத்தில் ஒரு புள்ளி. மூச்சு விடுவதுபோல அது சுருங்கிச் சுருங்கி விரிந்தது. 'சக்கரவர்த்தி ஓய்வெடுக்கிறார்' என்று அடியில் எழுதியிருந்தது. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அதற்கும் அடியில் இதயங்கள் மிதந்தன. டொராண்டோவிலிருந்து ஒரு பெண்மணி 'நல்லாத் தூங்கு கண்ணா' என்று எழுதியிருந்தாள். எருமை வேட்டையாடிய களைப்பு தீர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அபிப்பிராயம் சொல்லியிருந்தார், கூட நின்று எருமையின் வாலைப் பிடித்துக் கொடுத்தவர் மாதிரி.

நிஜ மரத்தடியில் காய்ந்த புல் இருந்தது. செத்த ஆமை ஒன்றின் ஓடு கிடந்தது. ஒரு கனத்த மிருகம் படுத்து எழுந்த அடையாளம் எங்கேயும் இல்லை.

"கண்ணன் தூங்குறான்டா கலும்பா. சத்தம் போட்டு எழுப்பிடாத," என்றாள் பூங்கோதை.

கலும்பா சிரிக்கவில்லை. அவன் மரத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் நடந்து, குனிந்து குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இன்னைக்கு இல்ல. நேத்தும் இல்ல. இந்தப் பக்கம் ஆண் சிங்கம் வந்தே ரொம்ப நாள் ஆச்சு, டாக்டர்."

பூங்கோதை கம்பத்துக்காரி. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, மாட்டுக்கு ஊசி போட்டுப் பிழைக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்துக் காடு காடாகத் திரிந்தவள். கடைசியில் 'பிடரி டெக்னாலஜீஸ்' என்ற சென்னைக் கம்பெனியின் சம்பளத்தில் ஆப்பிரிக்காவின் லுவெம்பி பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தாள். அங்கே திரிகிற ஆண் சிங்கங்களுக்குக் காலர் மாட்டி, அவை போகிற வருகிற இடத்தையெல்லாம் சந்தா கட்டியவர்களுக்குக் காட்டுவது கம்பெனியின் தொழில். கலும்பா உள்ளூர்க்காரன், வண்டி ஓட்டுவான், தடம் பார்ப்பான். அவன் மொழியைப் பூங்கோதை ஒரு மாதிரி பேசுவாள். திட்டுவதற்கு மட்டும் கம்பத்துத் தமிழ். அவனுக்கும் அது பழகிவிட்டது.

அவள் சாட்டிலைட் போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினாள். எடுத்தவன் தர்ஷன். கம்பெனியின் நடமாட்டப் பிரிவுக்குத் தலைவன். அவன் வாழ்நாளில் பார்த்த ஒரே சிங்கம் வண்டலூரில், அதுவும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில்.

"தம்பி, உங்க சக்கரவர்த்தி படுத்திருக்கிற எடத்துல நான் நின்னுக்கிட்டு இருக்கேன். அவரு மேலயே நிக்கிறேன்னு வச்சுக்கங்களேன். மிதிபடுறாரா பாருங்க."

"டாக்டர், நீங்க ஏன் அங்க போனீங்க?"

"சிங்கத்தப் பாக்க. அதுக்குத்தான சம்பளம் குடுக்குறீங்க?"

"காலர் சிக்னல் கொஞ்சம் வீக்கா இருக்கு."

"எப்பருந்து?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து."

மழை வந்து, ஆறு கரை புரண்டு, வடிந்து, இப்போது ஆற்றில் குட்டை குட்டையாகத்தான் தண்ணீர் நின்றது. பூங்கோதை மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அப்ப இத்தன மாசமா நடந்துக்கிட்டு இருக்கிறது யாரு?"

"நிரப்பிங்கிற புரோகிராம்," என்றான் தர்ஷன். "உங்களுக்குத் தெரியுமே டாக்டர். மேகம் மறைச்சா கொஞ்ச நேரம் புள்ளி காணாமப் போகும். பாக்குறவங்க பதறிடறாங்க. அந்த இடைவெளிய நிரப்பத்தான் அதைச் செஞ்சோம். இப்ப இடைவெளி கொஞ்சம் பெரிசாயிடுச்சு."

"கொஞ்சம்."

"பொய்னு நினைக்காதீங்க. அனுமானம். இந்தப் பள்ளத்தாக்குல இதுவரைக்கும் நடமாடின அத்தனை ஆண் சிங்கத்தோட வழக்கமும் அதுக்குத் தெரியும். ஒரு நல்ல ஆண் சிங்கம் இந்த நேரத்துல எங்க இருக்குமோ, அங்க கொண்டுபோய்ப் புள்ளிய வைக்கும்."

"நல்ல ஆண் சிங்கம்னா?"

"ஆவரேஜ்."

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மாதம் இந்த ஆவரேஜ் சக்கரவர்த்தி, தன் ராஜ்ஜியத்தைப் பறிக்க வந்த இரண்டு வாலிபச் சிங்கங்களை விரட்டியடித்ததாக ஒரு செய்தி வந்தது. அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. சிங்கக் கூட்டத்தில் மூன்று குட்டிகள் பிறந்து, பேர் வைக்கும் போட்டிகூட நடந்துகொண்டிருந்தது.

"அந்தக் குட்டிங்க?"

"குட்டிங்க நிஜம் டாக்டர். அம்மாக்களோட காலரெல்லாம் வேலை செய்யுது," என்றான் தர்ஷன். "அப்பாதான் அனுமானம்."

இதோடு போயிருந்தால் பூங்கோதை சிரித்துவிட்டு வண்டி ஏறியிருப்பாள். உலகத்தில் ஏமாறுவதற்கென்றே சந்தா கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் சிங்கச் சந்தாக்காரர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? ஆனால் கலும்பா அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் இசாயா இந்தப் பள்ளத்தாக்கின் தெற்கு ஓரத்தில் மாடு மேய்ப்பவன். மாடு மேய்க்கிற அத்தனை பேர் கையிலும் பிடரி கம்பெனி தர்மத்துக்குக் கொடுத்த போன் ஒன்று இருந்தது. பக்கத்தில் ஆண் சிங்கம் இருந்தால் அது சிவப்பாகும், இல்லையென்றால் பச்சை. பச்சை வந்த பிறகு இசாயா தன் நாய்களைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டான். போன் பார்க்கிற வேலைக்கு நாய்க்கு எதற்குச் சோறு என்று கேட்டானாம்.

"தர்ஷன், மாட்டுக்காரங்க போன்ல பச்சை எங்கருந்து வருது?"

"புள்ளிலேர்ந்துதான்."

"அப்ப உடனே எல்லாத்தையும் சிவப்பாக்குங்க."

"எப்படி டாக்டர்? சிவப்புன்னா சிங்கம் அங்க இருக்கணும்."

"எங்க இருக்குன்னே தெரியலைன்னா எல்லா எடத்துலயும் இருக்குன்னுதான்யா அர்த்தம்!"

"எல்லா இடத்துலயும் சிவப்பு போட்டா, சக்கரவர்த்திக்கு என்ன ஆச்சுன்னு ஒரே கலவரமாயிடும். இந்த வாரம் அவரோட பிறந்தநாள் வேற. நேரலை வச்சிருக்கோம்." தர்ஷன் குரலில் திடீரென்று ஒரு உற்சாகம் வந்தது. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அவரைக் கண்டுபிடிச்சுப் புதுக் காலர் மாட்டிடுங்க. சிக்னல் வந்துட்டா எல்லாம் தானா சரியாயிடும். சிவப்பும் தானா விழும்."

கலும்பாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காலால் ஆமை ஓட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"அப்போ என் அண்ணன் பார்க்கிற பச்சை?"

"சும்மா," என்றாள் பூங்கோதை.

அன்றே கிளம்பினார்கள். காட்டில் ஆண் சிங்கத்தைத் தேடுவது, சந்தாக்காரர்கள் நினைப்பதுபோல வீர விளையாட்டு ஒன்றும் இல்லை. சாணத்தைக் கிளறிப் பார்க்க வேண்டும், கழுகு இறங்கும் திசையில் வண்டியை விட்டு வாயெல்லாம் புழுதியாக வேண்டும், கடைசியில் அங்கே செத்துக் கிடப்பது வரிக்குதிரையாகவும் தின்றுகொண்டிருப்பது கழுதைப்புலியாகவும் இருக்க வேண்டும். கலும்பா வடக்கே குன்றுப் பக்கம்தான் போயிருக்கும் என்று சத்தியம் செய்தான். மான் எல்லாம் அங்கேதான் இருந்தது. மானும் இருந்தது, சிங்கம் மட்டும் இல்லை. பூங்கோதை நாணல் காடுதான் என்று அடித்துச் சொன்னாள். அங்கே வண்டி சேற்றில் புதைந்து, அதை வெளியே எடுப்பதற்குள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"கர்ஜிக்கிற சத்தமாவது கேட்டா ஒரு திசை தெரியும்," என்றாள் அவள், வேறு வழியில்லாமல் சமாதானமாகி.

"ஜெயிச்ச சிங்கம்தான் கர்ஜிக்கும், டாக்டர். தோத்தது வாயைத் திறக்காது. திறந்தா வந்து அடிப்பானுங்களே."

அவள் அவனையே பார்த்தாள். அது அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் திரையில் ராஜ்ஜியம் நடத்துகிற புள்ளியைப் பார்த்துப் பார்த்து, அவளும் ஒரு சக்கரவர்த்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். ஜெயித்த சிங்கம் போகிற இடங்களிலேயே இருவரும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தோற்று ஓடியது அங்கேயெல்லாம் தலைகாட்டுமா?

"அடிபட்டது, ஓட முடியாதது, மத்த சிங்கத்துக்குப் பயந்தது. அப்ப எங்க போகும்?"

கலும்பா வண்டியைத் தெற்கே திருப்பினான். தெற்கில்தான் மற்ற சிங்கங்கள் போகாத ஓரம் இருந்தது. அங்கேதான் மாடுகள் இருந்தன.

இசாயா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் குட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஆற்று மணலில் தடம் கிடைத்தது. பின்னங்கால் ஒன்று இழுத்து இழுத்துப் போயிருந்தது. கரையோரம் வேர்கள் தொங்கும் ஒரு குழிவில் அது படுத்திருந்தது.

பூங்கோதை முதலில் அதை வேறு சிங்கம் என்றே நினைத்தாள். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. பிடரி பாதி பிய்ந்து போயிருந்தது. தொடையில் கடிபட்ட பழைய புண். விரட்டியடிக்கப்பட்டதாகச் செய்தி வந்த அந்த இரண்டு வாலிபர்களும் உண்மையில் யாரை விரட்டியடித்தார்கள் என்பது அந்தப் புண்ணில் தெரிந்தது. தாடையில் முள்ளம்பன்றி முட்கள் கொத்தாக ஏறிச் சீழ் பிடித்திருந்தன. வாயைத் திறக்க முடியாத சிங்கம் மான் பிடிக்காது. மெதுவாக நகர்கிற எதையாவதுதான் பிடிக்கும். ஆனால் கழுத்தில் செத்துப்போன காலர் தொங்கியது. வலது காதில் அவளே தைத்த தையல் தழும்பும் இருந்தது.

மயக்க ஊசி போட்டு, அது தலை சாய்ந்ததும் இறங்கினார்கள். குறடால் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சீழ் நாற்றம் தாங்காமல் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.

"நாளைக்குப் பொறந்தநாளாம்டா ஒனக்கு," என்று அதனிடம் சொன்னாள். "கேக்கெல்லாம் வெட்டப் போறானுங்க. ஒனக்குத் தெரியுமா, நீ எருமை புடிச்சியாம்."

மருந்து தடவி, பழைய காலரை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள். காலரில் விளக்கு எரிந்தது. சிக்னல் போகிறது. இரண்டு பேரும் வண்டியில் ஏறிக்கொண்டு கலும்பாவின் போனைப் பார்த்தபடி காத்திருந்தார்கள், சிவப்பு விழுவதற்காக.

பச்சையாகவே இருந்தது. சக்கரவர்த்தியின் புள்ளி வடக்கே தன் மரத்தடியில் அசையாமல் இருந்தது.

"வந்துச்சு டாக்டர், சிக்னல் வந்துச்சு," என்றான் தர்ஷன் போனில். "ஆனா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. ஒரு சிங்கம் கண்ணிமைக்கிற நேரத்துல அவ்வளவு தூரம் தாண்ட முடியாதுல்ல? அதனால தப்பான தரவுன்னு ஒதுக்கிடுது."

"சிங்கம் தாண்டலய்யா! அது இங்கயேதான் இருக்கு. தாண்ட வேண்டியது உங்க புள்ளி."

"புள்ளிக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு டாக்டர். ஒரு நாள் விடாம எல்லாமே பதிவாயிருக்கு. உங்க சிங்கத்துக்குத்தான் மழைலேர்ந்து ஒண்ணுமே இல்ல."

"காதுல நான் போட்ட தையல் இருக்கு. படம் அனுப்பவா?"

"அனுப்புங்க. ஆனா கைவச்சு மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. இப்போதைக்கு அது பதிவில்லாத சிங்கம்."

அவள் அடுத்துச் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. கம்பம் சந்தையில் சொன்னால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதற்குள் மணிச்சத்தம் கேட்டது. இசாயா மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். உயரமான மனிதன், தம்பியைவிடக் கலகலப்பானவன். பூங்கோதை அவனைக் கரையோரம் கூட்டிப்போய், மயங்கிக் கிடந்த சிங்கத்தைக் காட்டினாள். அவன் தன் போனைப் பார்த்தான், சிங்கத்தைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"இது நீங்க குடுத்ததுதானே, டாக்டர்?"

"நாங்க குடுத்ததுதான். அதை நம்பாத. நான் சொல்ற வரைக்கும் இந்தக் குட்டைப் பக்கம் வராத."

"மாடு எங்க தண்ணி குடிக்கும்?"

"ரெண்டு நாள் பொறுத்துக்க. நான் சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி," என்றான் இசாயா. மாடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலமே தர்ஷன் அவளை முகாமுக்குத் திரும்பச் சொன்னான். பிறந்தநாள் நேரலையில் டாக்டரும் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பூங்கோதை மறுக்கவில்லை. கம்பெனியின் இயக்குநர்கள், சந்தாக்காரர்கள், போன் வைத்திருக்கும் மாட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்கிற நிகழ்ச்சி. ஒருத்தன் காதில் ஓதுவதைவிட ஊர் கூடிய இடத்தில் போட்டு உடைப்பது மேல் என்று நினைத்தாள்.

முகாமுக்குப் போனதும் கம்பத்திலிருக்கும் புருஷன் ஞாபகம் வந்தது. கதிரேசன் திராட்சைத் தோட்டக்காரர். பேசினால் மருந்தடித்ததும் கொடி படர்ந்ததும்தான் பேச்சு. சாட்டிலைட் போன் ஆபீஸுக்கு மட்டும். வீட்டு விஷயமெல்லாம் அவள் இருக்கும் இடத்தைக் காட்டக் கழுத்தில் தொங்கும் கம்பெனி டேக் வழியாகத்தான் போக வேண்டும். டேக்குக்குப் பாதி நாள் சிக்னல் இருக்காது, மீதி நாள் அவளுக்குப் பொழுது இருக்காது. முன்பெல்லாம் 'நீ பேசவே மாட்டேங்கிற' என்று புலம்பிச் செய்தி மேல் செய்தி வரும். மழை நாளிலிருந்து அந்தப் புலம்பல் நின்றுபோயிருந்தது. ஒரு வழியாக மனுஷனுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நேரலை முடியட்டும், பேசலாம்.

மறுநாள் நேரலையில் முதலில் பாட்டு வந்தது. பிறகு யாரோ ஒரு நடிகை, சக்கரவர்த்தியிடம் தான் கற்றுக்கொண்ட தன்னம்பிக்கை பற்றிப் பேசினாள். பிறகு பூங்கோதையின் முறை. கூடாரத்தில் கேமரா முன் தனியாக உட்கார்ந்து, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் புள்ளி பொய் என்றாள். அதற்குள் ஒரு சிங்கமும் இல்லை என்றாள். நிஜச் சிங்கம் தெற்குக் குட்டையில் பசியோடு கிடக்கிறது, பச்சையை நம்பி யாரும் அங்கே மாட்டை ஓட்டாதீர்கள் என்று கலும்பாவின் மொழியிலும் ஒரு தடவை சொன்னாள். சொல்லி முடித்துத் திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

இதயங்கள் மிதந்துகொண்டிருந்தன. 'டாக்டர் எவ்வளவு ஸ்வீட்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

"மண்ணாந்தைகளா!" என்று கேமராவைப் பார்த்துக் கத்தினாள். அதற்கும் இதயம் வந்தது. இவர்கள் நடுவில் வந்து உண்மையைச் சொன்னது தன் புத்திகெட்ட வேலை என்று நொந்துகொண்டே எழுந்து போய்ப் படுத்தாள். மாட்டுக்காரர்கள் காதிலாவது விழுந்திருக்கும். அது போதும்.

விடிந்ததும் கலும்பா வந்தான். கூடாரத்துக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை.

"இசாயா செத்துட்டான்," என்றான்.

குட்டைக் கரையில்தான். வனக்காவலர்கள் அவளுக்கு முன்பே போயிருந்தார்கள். சிங்கத்தையும் சுட்டிருந்தார்கள். பதிவில்லாத ஆண் சிங்கம் ஆளைக் கொன்றால் சுட்டுவிட அனுமதி உண்டு. பூங்கோதை அந்தக் காதைத் தூக்கிக் காட்டினாள். தையல் தழும்பைக் காட்டினாள். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார். அந்தச் சிங்கம் வடக்கே இருக்கிறது, டாக்டர் அம்மா, என்றார். கழுத்தில் அவள் மாட்டிய புதிய காலரில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. புல்லில் விழுந்து கிடந்த இசாயாவின் போனும் எரிந்துகொண்டிருந்தது, பச்சையாக.

"வராதன்னு சொன்னேனே கலும்பா. நேத்து நேரலையிலயும் உங்க பேச்சுலயே சொன்னேனே. அப்புறம் ஏன்டா வந்தான்?"

கலும்பா அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு தன் போனில் எதையோ தேடி எடுத்து அவளிடம் நீட்டினான்.

அதில் பூங்கோதை இருந்தாள். அதே கூடாரம், அதே சட்டை. தலை மட்டும் வாரியிருந்தது. கலும்பாவின் மொழியை அவன் ஊரில் பிறந்தவள் மாதிரி, ஒரு தடுமாற்றம் இல்லாமல் பேசினாள். சக்கரவர்த்திக்கு வாழ்த்துச் சொன்னாள். மாட்டுக்காரச் சகோதரர்களே, பச்சை உங்கள் கையில் இருக்கும்வரை கவலை வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு அழகாகச் சிரித்தாள்.

"டாக்டர் சொல்லிட்டாங்கன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பியிருக்கான்," என்றான் கலும்பா.

"இது நான் இல்ல."

"நான் வெளியே வண்டிக்குக் கீழே படுத்துச் சக்கரம் பார்த்துக்கிட்டு இருந்தேன், டாக்டர். நீங்க உள்ளே என்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியாது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அண்ணனைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்ற ஆட்கள் வந்தார்கள். அவன் அவர்களோடு போனான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு டாக்டர்," என்றான் தர்ஷன். அவன் குரலும் அடங்கித்தான் இருந்தது. "இடைவெளியை அந்த நிரப்பி நிரப்பிடுச்சு. யாரும் வேணும்னு பண்ணல. நீங்க வழக்கமா, ஒரு நல்ல நாள்ல, என்ன பேசுவீங்களோ..."

"நான் என்னைக்குத் தம்பி அப்படிச் சிரிச்சேன்?"

கம்பெனி அன்றைக்கே ஒரு செய்தி வெளியிட்டது. பதிவில்லாத சிங்கம் தாக்கி இறந்த இசாயாவின் குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபம். நம் சக்கரவர்த்தி நலமாக இருக்கிறார். செத்தது மனிதன் என்ற முதல் வரியை யாரும் படிக்கவே இல்லையோ என்று நினைக்கும்படி, அதற்குக் கீழே நிம்மதிப் பெருமூச்சுகள் குவிந்தன. டொராண்டோப் பெண்மணி, இரண்டு நிமிடம் தன் உயிரே போய்விட்டது என்று எழுதியிருந்தாள்.

பூங்கோதை ஆற்றுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரிடமாவது அழ வேண்டும் போலிருந்தது. கழுத்திலிருந்த டேக்கைக் கழற்றி மணலில் போட்டாள். ஆபீஸ் சட்டம் நாசமாய்ப் போகட்டும் என்று சாட்டிலைட் போனிலேயே கம்பத்துக்குப் போட்டாள்.

"ஹலோ, யாருங்க?"

"ஏங்க, நான்தான். கோதை."

"என்ன புள்ள, புது நம்பரா இருக்கு?" கதிரேசன் குரல் உற்சாகமாக இருந்தது. அவள் கடைசியாகக் கேட்டபோது இருந்ததைவிடத் தெம்பாக இருந்தது. "இப்பத்தான பேசிட்டு வச்ச? எதும் மறந்துட்டியா?"

"நானா? இப்பவா?"

"ஆமா. எப்பவும் போலத்தான். சாப்புட்டீங்களா, மாத்திர போட்டீங்களான்னு கேட்ட. போட்டுட்டேன் தாயி, போட்டுட்டேன்."

"என்ன மாத்திர?"

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "சக்கரைக்கு. மழைக்கு முன்னாடியே சொன்னேன்ல? நீதான தெனமும் தவறாம ஞாபகப்படுத்துற."

அவருக்குச் சர்க்கரை வந்ததே அவளுக்குத் தெரியாது.

"அது நான் இல்லங்க," என்றாள். "நான் உங்ககிட்டப் பேசியே மாசக்கணக்காச்சு. அது கம்பெனி மிஷினு."

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"பொண்டாட்டி கொரலுக்கும் மிஷின் கொரலுக்கும் வித்தியாசம் தெரியலையா ஒங்களுக்கு? இத்தன வருசம் குடும்பம் நடத்தி என்னத்தக் கிழிச்சீங்க? நான் என்னைக்கு ஒங்கள சாப்புட்டீங்களான்னு கேட்டேன், இன்னைக்குப் புதுசாக் கேக்க?"

"இப்பத் தெரியுது," என்றார் கதிரேசன் மெதுவாக. "இது நீதான்."

மணலில் கிடந்த டேக் சின்னதாக மினுக்கியது. அதற்குள்ளிருக்கும் அவளுடைய புள்ளி இந்நேரம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, குளித்து, தலைவாரி உட்கார்ந்திருக்கும்.

கதிரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ கேட்கத் தயங்குகிறார் என்று தெரிந்தது. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அப்ப," என்றார் அவர். "அது இனிமே பேசாதா?"

பூங்கோதைக்கு வாயில் ஒரு வசவும் வரவில்லை.